நெஞ்சை அமுக்கிப் பிழைக்கிறோம்

அடுத்தவர் வீட்டுத் தரையில் முழங்கால் போட்டுச் சம்பளம் வாங்குகிற தொழில் எங்களுடையது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஆம்புலன்ஸில் பாராமெடிக்காக ஓடிக்கொண்டிருக்கிறேன். இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை அமுக்கி அமுக்கி, அது மறுபடி தானாக ஓடும்வரை ரத்தத்தை நாங்களே ஓட்டுவதும் இந்த வேலையில் அடக்கம். சீரியலில் நாலு தட்டுத் தட்டியதும் ஆள் கண் திறந்து "நான் எங்கே இருக்கேன்?" என்பார். நிஜத்தில் விலா எலும்பு முறியும், நம் இடுப்பு பிடித்துக்கொள்ளும், பல நேரம் ஆள் கண்ணே திறக்க மாட்டார். குனிந்து நிமிர்ந்தே தேய்ந்துபோன சக இடுப்புவலிக்காரர்களே, இதையெல்லாம் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

செலாவின் தோள்

வண்டியில் என் ஜோடி செலா. பசிபிக் தீவான டோங்காவின் பெண், ரக்பி ஆடிய தோள். முழங்கையை மடக்காமல், தோள் நேராக நெஞ்சுக்கு மேலே வர, சர்ச்சில் பாடுகிற ஏதோ ஒரு பாட்டை வாய்க்குள் முணுமுணுத்தபடி அமுக்குவாள். வேகம் கூடாது, குறையாது. ஒவ்வொரு அமுக்குக்குப் பிறகும் நெஞ்சு முழுசாக எழும்ப விடுவாள். அப்படி விட்டால்தான் இதயத்தில் ரத்தம் நிரம்பும். பார்க்கச் சுலபம். செய்து பாருங்கள், இரண்டு நிமிடத்தில் தோள் கெஞ்சும். அதனால்தான் அதற்குள் ஆள் மாறிவிடுகிறோம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஈர்க்குச்சி மாதிரி இருந்தேன். பயிற்சிப் பொம்மையின் நெஞ்சில் என் வீரத்தையெல்லாம் காட்டிவிட்டு, மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தேன். செலா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கையால அமுக்காதே, உன் பாரத்தால அமுக்கு. அதுக்கு முதல்ல கொஞ்சம் சாப்பிடு."

பெட்டி வந்த நாள்

பிறகு எங்கள் ஸ்டேஷனுக்கு நெஞ்சமுக்கும் எந்திரம் ஒரு பெட்டிக்குள் வந்தது; அதற்கும் பெட்டி என்றே பேர் வைத்துவிட்டோம். முதுகுக்கு அடியில் ஒரு தட்டு, அதன்மேல் வளைந்து நிற்கும் இரண்டு கால்கள், நடுவே மேலும் கீழும் போய்வரும் ஒரு தண்டு. பட்டனைத் தட்டினால் பாட்டரி தீரும்வரை ஒரே ஆழம், ஒரே வேகம். எனக்கு அதைக் கண்டதும் பொறாமை. முதுகு வலிக்காது, லீவு கேட்காது, யாரோடும் கோபித்துக்கொள்ளாது.

எங்களில் மூத்தவர் கிரஹாம், நரைத்த தாடிக்காரர். "என் கைக்கு இது ஈடாகுமா?" என்று பக்கத்துப் பொம்மையில் போட்டிக்கு உட்கார்ந்தார். சற்று நேரத்தில் முகம் தக்காளியாகச் சிவந்து, சட்டை நனைந்து, பொம்மையின் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டார். எந்திரம் டக் டக்கென்று போய்க்கொண்டே இருந்தது. நல்ல கையைவிட அது அதிகம் பேரைக் காப்பாற்றும் என்று எங்களில் யாரும் சத்தியம் செய்ய மாட்டோம். ஆனால் நல்ல கை களைத்துப்போகும். ஓடுகிற வண்டியில் தடுமாறும். மாடிப்படியில் ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது ஒன்றும் செய்ய முடியாது. அங்கெல்லாம் இந்தப் பெட்டிதான் ராஜா. கிரஹாம் தாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "டீ குடிக்கக்கூட நிக்க மாட்டேங்குதே! முதல்ல இதை யூனியன்ல சேர்த்து விடுங்கப்பா, நம்ம மானத்தை வாங்குது."

யாரைக் காப்பாற்றினோம்?

பெட்டியைப் பொருத்துவதில்தான் சூட்சுமம். தட்டைச் சட்டென்று முதுகுக்கு அடியில் சொருகி, உடனே கை அமுக்கத் தொடங்கி, மீதியை அந்தக் கைக்கு மேலேயே மாட்ட வேண்டும். கை சும்மா இருக்கிற நேரமெல்லாம் ஆளின் மூளைக்கு ரத்தம் நஷ்டம். பயிற்சியில் முதல் தடவை நாங்கள் எல்லோரும் கொக்கி விழுந்ததா, பெல்ட் சரியா என்று எந்திரத்தையே சுற்றி வந்தோம். கடைசியில் அது அழகாக ஓடத் தொடங்கியது. எங்களுக்கு நாங்களே கை தட்டிக்கொண்டோம். பயிற்சி தந்த பெண்மணி தரையில் கிடந்த பொம்மையைக் காட்டினார். "எல்லாருமாச் சேர்ந்து மெஷினைக் காப்பாத்திட்டீங்க. இவரை யாரு பாத்துக்கிட்டீங்க?"

விரியில் ஒரு வரிசை

ஆக்லாந்தில் விரி என்கிற பகுதியில் ஒரு பெரிய கிடங்கிலிருந்து அழைப்பு. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் சாய்ந்துவிட்டார். ஓடிப்போய்ப் பார்த்தால் கூச்சல் இல்லை, கும்பல் இல்லை. மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஆட்கள் வரிசையாக முட்டி போட்டுக் காத்திருக்கிறார்கள். சூப்பர்வைசர் ஒரு சமோவாக்காரர். அவர் "மாத்து" என்றதும் அடுத்த ஆள் கை வைக்கிறார். சுவரில் மாட்டியிருக்கும் ஷாக் கொடுக்கும் டப்பாவையும் எடுத்து, அதன் பட்டைகளை அவர் நெஞ்சில் ஒட்டியிருந்தார்கள். செலா தலையை ஆட்டினாள். அது லேசில் ஆடுகிற தலை இல்லை.

நாங்களும் கையை வைத்தோம், எந்திரத்தை வைத்தோம், மருந்து கொடுத்தோம். அவர் பிழைக்கவில்லை. சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எங்கேயாவது தப்பாக அமுக்கிவிட்டார்களா என்று கேட்டார். நாங்கள் செய்ததைத்தான் எங்களுக்கு முன்பே அவர்கள் செய்திருக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் தன் ஆட்களிடம் போய் நின்றார். "கேட்டுக்கோங்க. நாம செஞ்சது சரி. யாரும் இந்தக் கேள்வியை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க."

கட்டிலும் தரையும்

ஆக்லாந்தின் பாபடோயிட்டோய் பகுதியில் ஒரு வீடு, ஒரு சனிக்கிழமை மத்தியானம். தவராசா என்கிறவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். படுத்தவர் மூச்சுப் பேச்சில்லை. பல வருஷத்துக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். நாங்கள் அறைக்குள் நுழைந்தபோது அவர் மகள் ஆரணி கட்டில்மேல் ஏறி முட்டி போட்டு, அழுதுகொண்டே அப்பாவின் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டதாம். ஆனால் பஞ்சு மெத்தை. அவள் அமுக்க அமுக்க மெத்தைதான் இறங்கியது. போனில் ஸ்பீக்கரில் இருந்த எங்கள் அழைப்பு மையத்துக்காரர் ஆளைத் தரையில் இறக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். ஆரணி என்னைப் பார்த்து, "அம்மா வோன்ட் லெட் மீ!" என்றாள்.

அம்மா புவனேஸ்வரி கணவரின் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். "நிலத்தில கிடத்தாதேங்கோ! அவர் இன்னும் போகேல்லை!" செலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. உயிர் போகப்போகிறவரைத்தான் நம் வீடுகளில் கட்டிலிலிருந்து இறக்குவார்கள். அந்த அம்மாளின் கணக்கில், தரையில் போட்டுவிட்டால் கதை முடிந்தது என்று நாமே ஒப்புக்கொண்டதாகும். விளக்கம் சொல்ல நேரம் ஏது? செலா அதற்குள் தவராசாவின் தோளுக்கு அடியில் கை கொடுத்துவிட்டாள். "அக்கா, மெத்தையில அமுக்கினா அவர் நெஞ்சு இறங்கல, மெத்தைதான் இறங்குது. அனுப்பறதுக்கு இறக்கல. போகாம பிடிச்சு வைக்கத்தான் இறக்கறோம்" என்று நானும் கத்தினேன். அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்தார். பிறகு, கட்டிப் பிடித்திருந்த அதே கால்களைத் தானே தூக்கினார்.

தரையில் போட்டதும் செலாவின் பாட்டு தொடங்கியது. ஷாக் கொடுத்தோம், மறுபடி கொடுத்தோம். இதயம் துடிதுடித்ததே தவிரச் சீராகவில்லை. ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தால் ஆஸ்பத்திரியில்தான் திறக்க முடியும். அதுவரை யாராவது அமுக்கிக்கொண்டே போக வேண்டும். செலாவின் கை நிற்காமலே பெட்டியைப் பொருத்தினோம். குறுகலான நடையில் சாய்த்து, வாசல்படி இறங்கி, வண்டியில் ஏற்றி, மோட்டர்வேயில் போகும்போதும் அது டக் டக்கென்று அடித்துக்கொண்டே வந்தது. நான் அன்று அதைக் கும்பிடாத குறைதான். வண்டிக் கதவைச் சாத்தும் முன் புவனேஸ்வரி என் கையைப் பிடித்தார். "தங்கச்சி, உது இடையில நிக்காதோ?" நிற்காது என்றேன். "அப்ப நீங்களும் நிக்காதேங்கோ."

பிழைத்தவரின் புகார்

அடைப்பைத் திறந்தார்கள். இதயம் தன் வேலையைத் தானே பார்க்க ஆரம்பித்தது. சில வாரம் கழித்து மூன்று பேருமாக எங்கள் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். தவராசா ஒரு கையால் நெஞ்சைத் தாங்கியபடி மெதுவாக நடந்து வந்து, பெட்டியைக் காட்டச் சொன்னார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தும்மினால் உயிர் போகிற மாதிரி வலிக்கிறதாம். "நல்ல மிசின்தான். ஆனா ஈவிரக்கம் எண்டது துப்பரவா இல்லை" என்றார். மகளிடம் மட்டும் அவர் ஒரு புகாரும் சொல்லவில்லை. செலா ஆரணியின் கைகளை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்திரம் வரும்வரை உயிரைப் பிடித்து வைத்தவை இவைதான் என்று சொல்லி அவளைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கும் அப்பாவுக்கும் செலாவுக்கும் கண் கலங்கியது. எனக்கும்தான், மறைப்பானேன்?

புவனேஸ்வரி மட்டும் அழவில்லை. ஊரெல்லாம் எந்திரத்தையும் பிள்ளையையும் புகழ்கிறது, தன் பங்கை ஒருவரும் கேட்கவில்லை என்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தார். "நிலத்தில வைச்சா விட்டிட்டுப் போயிடுவார் எண்டு பயந்தனான், ஓம். ஆனா இப்ப ஆர் வந்து கேட்டாலும் சொல்லுறன்: அவரை இறக்கேக்கை கால் பக்கம் தூக்கினது நான்தான்!"

மூட்டுவலி வராத எந்திரம் எங்களுக்கு வந்துவிட்டது, சந்தோஷம். ஆனால் நாங்கள் வந்து சேரும்வரை அழுதுகொண்டே நெஞ்சில் கை வைக்கிற அந்த முதல் ஆளை இன்னும் எந்தக் கம்பெனியும் பெட்டியில் போட்டு விற்கக் காணோம்.