இரண்டு பங்கிலும் ஓலை

பகல் பன்னிரண்டுக்கு அமலம்மாள் அக்கா, போனைத் தரைதுடைக்கும் மருந்துப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டுத்தான் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பார். திரையில் நாடாளுமன்ற நேரலை. பக்கத்தில் யாராவது சிரித்தால் போதும், "டியாம் லா! பேசுறாங்கல்ல?" என்று அதட்டு விழும்.

பாகான் டாலாமிலிருந்து பெர்ரி ஏறி வந்து, பினாங்கு ஜார்ஜ்டவுனில் எங்கள் அலுவலகத்தைப் பதினெட்டு வருடமாகத் துடைக்கிறார். காகிதத்தில் மட்டும் எப்போதும் புது ஆள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை துப்புரவுக் குத்தகை கைமாறும். புதுக் கம்பெனியின் விண்ணப்பப் பாரத்தில் 'சேவை ஆண்டுகள்' என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டால்தான் வேலை.

"ஆறு தடவ கோசோங் போட்டிருக்கேன் தம்பி. என் கையாலயே." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிப்பதில்லை.

அந்தப் பூஜ்யத்தை ஒழிக்க இந்த வருடம் ஒரு மசோதா வந்தது. முதல் வாசிப்பன்று எல்லோரும் போனைச் சுற்றி நின்றோம். அமைச்சர் எழுந்தார், தலைப்பை வாசித்தார், உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான்! கூட வேலை செய்யும் லெட்சுமிக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"என்னாக்கா, பேர மட்டும் சொல்லிட்டு உக்காந்துட்டாரு?"

"எங்க மாதா கோயில்ல கல்யாண ஓல வாசிக்கிற மாதிரிதான் லா. பொண்ணு மாப்பிள்ள பேர மூணு ஞாயிறு சாமியார் வாசிப்பாரு. தடை சொல்றவன் அதுக்குள்ள சொல்லிடணும். இங்கயும் மூணு வாசிப்பு. ரெண்டாவதுலதான் எல்லாம் வாயத் தொறப்பாங்க, பாரு."

திறந்தார்கள். அக்கா சோற்றைக்கூடத் தொடவில்லை. மூன்றாம் வாசிப்பும் முடிந்து மக்களவையில் மசோதா நிறைவேறியதும், லெட்சுமி ஓடிப்போய் கேக் வாங்கி வந்துவிட்டாள். அக்கா அதை வாங்கிப் பெட்டியோடு குளிர்சாதனப் பெட்டிக்குள் தள்ளினார்.

"அவசரக் குடுக்கை! மாப்பிள்ள பங்குக் கோயில்லதான் வாசிச்சிருக்கு. பொண்ணு பங்குலயும் மூணு ஓல வாசிக்கணும்ல? மேலவ இருக்கு. பெறகு பேரரசர் ஒப்புதல், அரசிதழ். அப்புறம் வெட்டலாம்."

மேலவையில் இரண்டாம் வாசிப்பு ஓடிக்கொண்டிருந்த அன்றே, குத்தகை மறுபடி கைமாறி, ஏழாவது பாரமும் வந்து சேர்ந்தது. அக்கா என்னிடம் பென்சிலும் அழிப்பானும் கேட்டு வாங்கினார். கட்டத்தில் 18 என்று எழுதினார்.

மேற்பார்வையாளர் கோகுலன் எட்டிப் பார்த்தார். "அக்கா, அங்க கோசோங் போடணும்."

"பென்சில்லதானே தம்பி இருக்கு. சட்டம் வரட்டும், மேலயே பேனாவால போட்டுக்கிறேன்."

பென்சிலை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அழிப்பானைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.