கழற்றிக் காட்டி விற்ற கிதார்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். பொய்யில்லை. அந்தக் கோபம் நான் பார்த்த காரியங்களில் பாதியைக் கெடுத்திருக்கிறது. ஒரே ஒரு காரியத்தை நடத்திக் கொடுத்திருக்கிறது. அந்த ஒன்றைச் சொல்லிக்கொள்ள எனக்கு இன்றும் அலுப்பதில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம் எனக்கு இருபத்தாறு வயது. காரைக்கால் கடைத்தெருவை ஒட்டிய சந்தில் பத்துக்குப் பத்து அறை ஒன்று காலியாகக் கிடந்தது. அதை வாடகைக்கு எடுத்து ரேடியோ, டேப் ரெக்கார்டர் ரிப்பேர் கடை வைக்க வேண்டும் என்று எனக்குப் பைத்தியமே பிடித்திருந்தது. வாடகைக்குக் கொஞ்சம் சேர்த்தும் வைத்திருந்தேன். ஆனால் அந்த அறைக்குச் சொந்தமான வீட்டுக்காரர், அப்பா வந்து பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் சாவி என்று சொல்லிவிட்டார். செருப்புக்கடைக்காரர் ஒருவரும் அதே அறையைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜூலை முடியும்வரைதான் எனக்கு அவகாசம்.

அப்பா அசையவில்லை. ஒரு பொம்பளைப் பிள்ளையிடம் எவன் ரேடியோவைக் கொண்டுவந்து கொடுப்பான் என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, சிப்பாயாகச் சேர்ந்து, பதினைந்து வருஷம் மகசானில், அதாவது சாமான் கிடங்கில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்று, பிரெஞ்சுப் பென்ஷனோடு ஊருக்கு வந்த பிறகும் கிடங்கு அவரை விடவில்லை. வீட்டிலிருந்து எது வெளியே போனாலும் இரண்டு பிரதியில் பட்டியல் எழுதுவார். பழுது இருந்தால் பழுதையும் எழுதுவார். அக்கா கல்யாணத்தில் சீர்ப் பாத்திரங்களோடு ஒரு பட்டியலும் போனது. அதில் 'இட்லிக் கொப்பரை ஒன்று, அடியில் ஒடுக்கு இரண்டு' என்று இருந்ததைப் படித்துவிட்டு மாப்பிள்ளை வீட்டார் ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை.

நானும் விடவில்லை. தினமும் சாப்பாட்டு நேரத்தில் கடைப் பேச்சை எடுத்தேன். ஒருநாள் அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒங்க மாமா வச்சுட்டுப் போன கிதார் இருக்குல்ல, அதை வித்துக் காட்டு. நீதான் ரிப்பேர் பண்ணினேன்னு சொல்லி வித்துக் காட்டு. வெளியாள் ஒருத்தரு அதுக்கு நல்ல வெலை குடுத்தாருன்னா நான் வந்து கையெழுத்துப் போடுறேன்."

அம்மாவின் தம்பி, என் மாமா, எழுபதில் பிரான்சிலிருந்து லீவுக்கு வந்தபோது கொண்டுவந்த எலெக்ட்ரிக் கிதார் அது. அப்போதே அதற்குப் பத்துப் பதினைந்து வயது இருக்கும். கூடவே ஒரு ஸ்பீக்கர் பெட்டியும் வந்தது. மாமா இருந்த ஊரில் கரண்ட் நூற்றுப்பத்து வோல்ட். எங்கள் வீட்டுச் சுவரில் இருநூற்று முப்பது. சொந்தக்காரர்கள் எல்லோரும் சுற்றி நிற்க, மாமா பெருமையாகச் சொருகினார். புகை வந்தது. பெட்டி அன்றைக்கே செத்துப் போனது. மாமா கிதாரை என்னிடம் விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். மைக்செட்காரரின் பழைய பெட்டி ஒன்றில் அதைச் சொருகி, நானாகவே தடவித் தடவி வாசிக்கக் கற்றுக்கொண்டேன். மாதா கோயில் பாடற்குழுவில் வாசிக்கும் அளவுக்கு வந்துவிட்டது.

முதல் நரம்பு அறுந்தபோது, உலகத்திலேயே கெட்டியான நரம்பு மண்டபத்தூரில்தான் கிடைக்கும் என்று அப்பா சொன்னார். சைக்கிளில் போய் மீன்பிடிக்கிறவர்களிடம் நைலான் தூண்டில் நரம்பு வாங்கிவந்து கட்டினேன். முறுக்கினால் நன்றாக விறைத்தது. ஆனால் பெட்டியில் சத்தமே இல்லை. மற்ற ஐந்தும் பேசின, அது மட்டும் ஊமை. பெட்டிதான் கெட்டுவிட்டது என்று அதைப் பிரித்துப் போட்டு இரண்டு நாள் மல்லாடினேன். மூன்றாம் நாள் கிதாரைத் திறந்து பார்த்தேன். நரம்புகளுக்கு அடியில் காந்தம், அதைச் சுற்றிச் செப்புக் கம்பிச் சுருள். இரும்பு அசைந்தால்தான் காந்தம் கவனிக்கும், நைலானை அது திரும்பிக்கூடப் பார்க்காது என்று அப்போது புரிந்தது. அந்தப் புரிதல் தந்த சந்தோஷத்தை என்னால் சொல்ல முடியாது. எனக்குப் பிடித்தது வாசிப்பதல்ல, பிரிப்பது என்று தெரிந்துகொண்டது அன்றுதான்.

அதற்குப் பிறகு உப்புக்காற்று எனக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருந்தது. நரம்புகளைத் தாங்கும் இரும்புப் பாலம் துருப்பிடித்து உதிர்ந்தது. பழைய கதவின் பித்தளைக் கீலை அரத்தால் ராவி வேறொன்று செய்தேன். நரம்பு முறுக்கும் சாவிகள் ஆறில் இரண்டுக்குத் தலை உடைந்தது. குடைக் கைப்பிடியை அறுத்துத் தலை வைத்தேன். கழுத்தின் மேலே நரம்புகள் பதியும் சின்னக் கட்டை கேரம் ஸ்டிரைக்கரில் செதுக்கியது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் ஒரு ரேடியோவிலிருந்து வந்தது. எழுபத்தெட்டில் கம்பிச் சுருளே போய்விட்டது. ஒரு பழைய வால்வு ரேடியோவின் டிரான்ஸ்பார்மரைப் பிரித்து, தலைமுடி போன்ற கம்பியை உருவி, அம்மாவின் தையல் மிஷினில் பாபின் சுற்றும் இடத்தில் பொருத்தி, சக்கரத்தின் நூறு சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை எடுத்துவைத்துச் சுற்றினேன். இரண்டு முறை அறுந்தது. இரண்டு முறையும் அழுதேன். மூன்றாம் முறை நின்றது.

ஆக, விற்கச் சொன்னபோது அந்தக் கிதாரில் மாமா கொண்டுவந்தது பாதிதான் இருந்தது. மீதி நான்.

ஆள் தானாகக் கிடைத்தார். பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி பென்ஷன்காரர்கள் மெடல் குத்திக்கொண்டு கூடுவார்கள். அந்த வருஷம் மாலைக் கூட்டத்தில் நான் வாசித்தேன். பாரிசிலிருந்து லீவுக்கு வந்திருந்த ஒருவர் அதைக் கேட்டிருக்கிறார். பக்கத்துத் தெருப் பென்ஷன்காரரின் மகன், முப்பத்தைந்து வயதிருக்கும், அங்கே ஒரு வாத்தியக்குழுவில் கிதார் வாசிக்கிறவர். இந்த மாடலை அங்கே இப்போது தேடித் தேடி வாங்குகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

மூவாயிரம் ரூபாய் என்று சொல்லலாம் என்று நானும் அப்பாவும் பேசி வைத்திருந்தோம். நான் பேச வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். முதலில் வாசித்துக் காட்டுவது, அவர் மயங்கியதும் விலை சொல்வது, ரிப்பேர் விஷயத்தைப் பக்குவமாகக் கடைசியில் எடுப்பது. அவர் காபியைக் குடித்து முடிப்பதற்குள் அப்பா உள்ளே போய் இரண்டு தாள்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பிரெஞ்சில், பட்டாளத்துக் கையெழுத்தில், ஒன்பது வரிகள். மேலே 'பழுதுகள்' என்று தலைப்பு. பாலம், அசல் இல்லை. சாவித் தலை இரண்டு, அசல் இல்லை. சுருள், அசல் இல்லை. அப்பா எதையும் விடவில்லை, இரண்டு திருகாணிகளைக்கூட விடவில்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வந்தவருக்கு அந்தத் தாள் அல்வா. விலை மூவாயிரம் என்று கேட்டுக்கொண்டதும் பேனாவை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் நேராக ஒரு தொகையைக் குறித்துக் கழித்துக்கொண்டே போனார். மரியாதையாகத்தான் பேசினார், சிரித்துக்கொண்டேதான் கழித்தார். கீழே வந்தபோது தொள்ளாயிரம் நின்றது. இதெல்லாம் அங்கே போய் அசல் சாமான் தேடிப் போட வேண்டியது, செலவு இருக்கிறது என்று விளக்கினார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் செருப்புக்கடை தெரிந்தது.

மனப்பாடம் செய்தது எல்லாம் போய்விட்டது. உள்ளே போய்த் திருப்புளியையும் ஈயம் பற்றவைக்கும் அயர்னையும் எடுத்துவந்தேன். மேசைமேல் ஒரு பேப்பரை விரித்தேன். "நீங்க காசு குடுக்காத சாமான் ஒங்களுக்கு வேணாங்க. அதை நான் எடுத்துக்கிறேன். மிச்சத்தை நீங்க சொன்ன வெலைக்கே எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுக் கழற்ற ஆரம்பித்தேன்.

அவர் விளையாட்டு என்று நினைத்தார். நான் பாலத்தை எடுத்தேன். நரம்புகள் தொங்கின. குமிழை எடுத்தேன், சாவித் தலைகளை எடுத்தேன், ஈயத்தைச் சூடு காட்டிச் சுருளையும் வெளியே எடுத்துப் பேப்பரில் வைத்தேன். அப்பாவின் பட்டியல் வரிசைப்படியே எடுத்தேன், ஒன்பதும். மடியில் மீந்தது மீன் அரியும் பலகை போல இருந்தது. அதைத் தூக்கி இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினேன்.

அவர் முதலில் பெரிதாகச் சிரித்தார். பிறகு பலகையை வாங்காமல், பேப்பரில் இருந்த சுருளை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "இதை எங்க சுத்துனீங்க?" என்று கேட்டார். மூலையிலிருந்த தையல் மிஷினைக் காட்டினேன். அவர் தன் சொந்தக் கிதாரின் சுருளைச் சுற்றக் கொடுத்துவிட்டு மூன்று மாசம் காத்திருந்தாராம். வந்த பிறகும் அது கொசு மாதிரி ரீங்காரம் போடுகிறதாம். கூட்டத்தில் நான் வாசித்தபோது அந்த ரீங்காரம் இல்லையே என்று யோசித்துத்தான் தேடி வந்தாராம். திரும்பப் பூட்டிக் காட்ட முடியுமா என்று கேட்டார்.

பூட்டினேன். எட்டு சாமான் சுலபமாக ஏறின. ஒன்பதாவது, அந்தச் சுருளை வைத்து ஈயம் வைக்கப் போகும்போது, உள்ளிருந்து வரும் கம்பி முனை அடியோடு முறிந்தது. வெளி முனை முறிந்தால் ஒரு சுற்றைப் பிரித்துக்கொள்ளலாம். உள் முனை போனால் முழுவதையும் முதலிலிருந்து சுற்ற வேண்டும். நகக்கண் அளவுக்குத்தான் கம்பி வெளியே தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டே சூடு வைக்க எனக்கு இன்னொரு கை வேண்டும். முடிந்தது, அறை போயிற்று என்றே நினைத்தேன்.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "குடு, நான் புடிக்கிறேன். நீ வையி" என்றார். அதற்கு முன்னால் என் வேலை எதையும் அவர் விரலால் தொட்டதில்லை. சின்ன இடுக்கியால் அந்தத் துணுக்கைப் பிடித்தார். கை மயிரிழையும் அசையவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சொட்டு ஈயம் வைத்தேன். இருவரும் அது ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நரம்புகளைக் கட்டி, சுருதி சேர்த்து, மைக்செட் பெட்டியில் சொருகி ஒரு தட்டுத் தட்டினேன். கிதார் கணீரென்று பேசியது. ஒரு துளி ரீங்காரம் இல்லை. எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போல இருந்தது, குதிக்கவில்லை. வந்தவர் கையில் கொடுத்தேன். அரை மணி நேரம் வாசித்தார். அம்மா அடுப்பை மறந்துவிட்டு வாசற்படியில் நின்றாள். தெருவில் போன சைக்கிள்கள் இரண்டு நின்றன. பிறகு கிதாரை மடியில் படுக்கப் போட்டு, தான் கழித்து எழுதியதையெல்லாம் தானே அடித்தார். மூவாயிரத்தையும் எண்ணி என்னிடம்தான் கொடுத்தார், அப்பாவிடம் இல்லை. "அசல் சாமான் கெடைச்சாக்கூட இனிமே மாத்த மாட்டேங்க" என்றார்.

அப்பா பேனாவை வாங்கி, இரண்டு பிரதிகளிலும் 'பழுதுகள்' என்ற தலைப்பை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, மேலே 'செய்த வேலைகள்' என்று எழுதினார். ஒரு பிரதியை வந்தவரிடம் கொடுத்தார்.

பதின்மூன்று வருஷம் கூட இருந்த சாமான் போகிறதே, வருத்தமாக இல்லையா என்று பிற்பாடு பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரு துளிகூட இல்லை. நான் செய்த சாமான்கள் பாரிசுக்குப் போகின்றன என்ற திமிர்தான் இருந்தது. அன்று ராத்திரி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

மறுநாள் காலை அப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு என்னோடு வீட்டுக்காரரிடம் வந்தார். வீட்டுக்காரர் நாற்காலி போட்டு, பத்திரத்தை அப்பா முன்னால் நகர்த்தி, கீழே கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். அப்பா இரண்டு பிரதியையும் முழுவதும் படித்தார். வாடகை, முன்பணம், வெள்ளையடிக்கும் பொறுப்பு எல்லாவற்றையும் படித்தார். பேனாவைத் திறந்தார். திறந்து என் கையில் கொடுத்தார்.

நீங்கதாங்க போடணும் என்றார் வீட்டுக்காரர்.

"கடை அவளோடதுங்க. அவ போடுவா" என்றார் அப்பா. "சாட்சிக்கு ஆள் வேணும்னா சொல்லுங்க, நான் போடுறேன்."

வீட்டுக்காரர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் போட்டேன். எனக்குக் கீழே, சாட்சி என்று எழுதிய இடத்தில், அப்பா போட்டார்.