நல்ல நாள் பார்த்துப் போட்ட கம்ப்யூட்டர்

அம்மாவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்ட வேண்டியதில்லை.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அவளுக்கு மறதி நோய் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. நாலு பேர் சேர்ந்து நடந்துபோனால் போதும், செருப்புகூடப் போடாமல் அவர்கள் பின்னால் போய்விடுவாள். வேறு ஊராக இருந்தால் தெருமுனையில் பிடித்துவிடலாம். இங்கே பௌர்ணமிக்குப் பௌர்ணமி விடிய விடியக் கூட்டம் நடக்கிறது. ஒருமுறை அப்படிக் காணாமல் போனவளை அன்னதான வரிசையில் கண்டுபிடித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் அவளைப் பழுத்த பக்தை என்று நினைத்து முன்னால் விட்டிருந்தார்கள். கையில் தொன்னை, அதில் சூடாகப் பொங்கல். அன்றைக்கு வாங்கியதுதான் அந்தப் பூட்டு.

டவுனில் ஓர் அச்சகத்தில் டைப் செய்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் என் கைவழியாகத்தான் போகும். ஒருநாள் நான் அடிக்கடி மணி பார்ப்பதைக் கவனித்த முதலாளி அம்மாவைப் பற்றி விசாரித்தார். "வீட்ல ஒரு கம்ப்யூட்டர் போட்டுக்கோங்கம்மா. மேட்டரை போன்ல அனுப்பிடறேன். அங்கயே அடிச்சி அனுப்புங்க, சம்பளம் அதேதான்" என்றார். பூட்டைத் தூக்கிக் குப்பையில் போடலாம் என்று அந்த நிமிஷமே மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

புதுசு வாங்க வசதியில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடிக்கடையில், பெரிய கம்பெனிகள் ஓட்டிக் கழித்ததைத் துடைத்துச் சரிபார்த்து விற்கிறார்கள். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அங்கே வாங்கினேன். கறுப்புப் பெட்டி, பழைய மானிட்டர், எண்டர் பட்டன் மட்டும் வழவழவென்று தேய்ந்துபோன ஒரு கீபோர்டு. யாரோ ஒருத்தி எங்கேயோ உட்கார்ந்து வருஷக்கணக்கில் தட்டியிருக்கிறாள். என்னைவிட அவளுக்குக் களைப்பு ஜாஸ்தியாக இருந்திருக்கும்.

கடைக்காரருக்கு என் வயசுதான் இருக்கும். "ஏழு நாள் டெஸ்டிங் வாரண்டிங்க. அதுக்குள்ள நல்லா ஓட்டிப் பாத்துடுங்க. அப்புறம் வந்தா நான் பொறுப்பில்ல" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

வந்தவள் உடனே போட்டுப் பார்த்திருக்க வேண்டாமா? நான் காலண்டரைப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் நாள் பார்க்காமல் இரண்டு காரியம் செய்திருக்கிறேன். ஒன்று கிரைண்டர் வாங்கியது, இன்னொன்று கல்யாணம் செய்துகொண்டது. கிரைண்டராவது இரண்டு வருஷம் ஓடியது. அதோடு, நாள் முழுக்க ஊராருக்கு 'சுபயோக சுபதினத்தில்' என்று அடிக்கிறவளுக்குத் தன் வீட்டில் மட்டும் நாள் பார்க்காமல் ஆரம்பிக்க எப்படி மனசு வரும்?

வெள்ளி அஷ்டமி, சனி நவமி. ஞாயிற்றுக்கிழமைக்குக் கரிநாள் என்று போட்டிருந்தது. திங்கள் நல்ல நாள்தான், ஆனால் நல்ல நேரத்தில் அம்மா குளிக்க மாட்டேன் என்று அடம்பிடித்து, என்னையும் நனைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். செவ்வாயில் எதையும் ஆரம்பிக்க வேண்டாம் என்று விட்டேன். புதன்கிழமை பராமரிப்பு என்று காலையிலிருந்து மாலைவரை கரண்ட் இல்லை. வியாழன் சாயங்காலம் சந்தனம், குங்குமம் வைத்து, சூடம் காட்டி, நல்ல நேரத்தில் சுவிட்சைப் போட்டேன். மானிட்டர் அழகாக எரிந்தது. ஒரு காதுகுத்துப் பத்திரிகையில் பாதி அடித்திருப்பேன், பொட்டென்று அணைந்தது. எத்தனை தடவை அழுத்தியும் வரவில்லை. கடைக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை.

மறுநாள் பௌர்ணமி. எங்கள் பக்கம் ஆட்டோ, பஸ் எதையும் விடமாட்டார்கள். அச்சகத்துக்கு லீவு சொன்னேன். அம்மாவையும் பெட்டியையும் சேர்த்துக் கூட்டத்தில் கொண்டுபோக முடியாது. சாதம் பிசைந்து ஊட்டி, தண்ணீர் வைத்து, வழக்கம்போல பூட்டினேன். பெட்டியை பெட்ஷீட்டில் கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். கூட வந்த வெளியூர் அம்மா ஒருத்தர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "வேண்டுதலாங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. தடுப்பு தாண்டித்தான் ஒரு ஆட்டோ கிடைத்தது.

கடைக்காரர் பில்லைப் பார்த்தார். "நேத்தோட முடிஞ்சிடுச்சிங்களே. இது எட்டாவது நாளு."

"நேத்துதாங்க போட்டேன்."

"அப்ப இத்தினி நாளு?"

"நாள் நல்லா இல்லைங்க. அஷ்டமி, நவமி…" சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திரும்பி, பின்னால் தொங்கிய காலண்டரின் தாள்களைப் புரட்டினார்.

"அஷ்டமி நவமில நானே புது லோடு பிரிக்க மாட்டேங்க. அந்த ரெண்டு நாள கழிச்சிட்டா ஆறு நாளுதான் ஆவுது. வெச்சிட்டு உக்காருங்க."

பவர் சப்ளை போயிருந்தது. மாற்ற இரண்டு மணி நேரம் ஆகும் என்றார். ஸ்டூலில் உட்கார்ந்தேன். முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு அவர் புரட்டிவிட்ட அந்தக் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. பெட்டிக்கு நல்ல நாள் தேடிய அத்தனை நாளில், அச்சகத்தில் வேலை இருந்த ஒரு நாள்கூட விடாமல் அம்மாவைப் பூட்டிவிட்டுத்தான் போயிருக்கிறேன். அஷ்டமியன்று பூட்டினேன், நவமியன்று பூட்டினேன். அதற்கு மட்டும் ஒருநாள்கூட நேரம் பார்க்கவில்லை. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

சரிசெய்த பெட்டியோடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. இப்போது கூட்டத்துக்கு எதிரில் நடக்க வேண்டியிருந்தது. எல்லோரும் இடித்தார்கள், எல்லோரும் என்னையே முறைத்தார்கள். தோள் கழன்றுவிடும்போல இருந்தது. போனதும் நேரம் காலம் பார்க்காமல் போட்டுவிட வேண்டும் என்பது ஒன்றுதான் மனசில் இருந்தது.

அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். ஜன்னல் விளிம்பில் நாலு வாழைப்பழம், ஒரு விபூதிப் பொட்டலம். போகிறவர்கள் கொடுத்திருக்கிறார்கள். பெட்டியைப் படியில் இறக்கிவிட்டு, சாவியை எடுத்தேன். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"உங்களதாங்க" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். "யாரோ ஒருத்தி தெனம் என்னை உள்ள வெச்சிப் பூட்டிட்டுப் போயிடறா."

"கதவைத் திறக்கத்தான் வந்திருக்கேன்" என்றேன்.

"எம்பொண்ணு வந்தா இத சொல்லிடாதீங்க. அவ கோவக்காரி. அந்தப் பொம்பளைய சும்மா வுட மாட்டா."

சொல்லமாட்டேன் என்றேன். சாவி மூன்றாவது தடவைதான் பூட்டுக்குள் போனது.