அம்மா சாட்சி சொல்லாத மாதங்கள்

பரீட்சையில் தோற்றவனின் வேதனை எல்லோருக்கும் தெரியும். அவன் தோற்றதை ஜெயித்ததாக நினைத்து அவனுடைய அம்மா ஆண்டவருக்கு நன்றி சொல்ல, பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அதைவிடக் கொடுமை. நான் அப்படி உட்கார்ந்திருந்தேன். என்னை நல்லவனாகக் காட்ட இதில் ஒன்றும் இல்லை. ஆண்டவர் செய்ததை மறைக்கக் கூடாது என்றுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் ஆரம்பம். ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். அப்பா அங்கே ஃபிட்டர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்த குடும்பம். அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நான் தினமும் ரயிலேறிப் போய் நகரத்துக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தேன். படித்தேன் என்பது பேச்சுக்குத்தான். பள்ளியில் தமிழில் படித்தவன். கல்லூரியில் எல்லாமே ஆங்கிலம். ஒன்றும் புரியாது. கேட்கவும் வெட்கம். பரீட்சைக்கு நான்கு நாள் முன்புவரை அம்பத்தூர்ப் பக்கம் சினிமா, அரட்டை என்று சுற்றிவிட்டு, பத்துக் கேள்விக்கு மட்டும் விடையை வரிவரியாக மனப்பாடம் செய்வேன். நடுவில் ஒரு வார்த்தை மறந்தால் போச்சு, பேனா நகராது. கேள்வித்தாள் கைக்கு வந்ததும் “ஆண்டவரே, எப்படியாவது” என்று கண்ணை மூடுவேன். அந்நாளில் என் ஜெபமே அவ்வளவுதான்.

ஜூன் மாதம் இரண்டாம் வருட முடிவு வந்தது. மூன்று பாடத்தில் தோல்வி. வீட்டில் சொல்லவில்லை. மறுநாள், என்னோடு படித்த, பக்கத்துக் கோவில்பதாகையைச் சேர்ந்த செல்வம் வாசலில் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே கத்தினான்.

“இன்னா மச்சான், எத்தினி கப்பு?”

“மூணு” என்றேன் மெதுவாக.

“எனக்கு ரெண்டுதான். நீதான் மாமே ஃபர்ஸ்ட்டு!”

கல்லூரிப் பையன்கள் பேச்சில் கப்பு என்றால் பெயிலான பாடம். காப்பியோடு வந்த அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? போட்டியில் ஜெயித்து வாங்கும் கோப்பை என்று நினைத்துவிட்டாள். “ஏல, எங்கிட்டச் சொல்லவே இல்லையே!” என்று என் தலையைத் தடவினாள். அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துக் கோழையாகிவிட்டேன்.

எங்கள் வரிசை வீடுகளில் சனிக்கிழமை சாயங்காலம் ஜெபக்கூட்டம் நடக்கும். ஆண்டவர் தங்களுக்குச் செய்த நன்மையை ஒவ்வொருவராக எழுந்து சாட்சியாகச் சொல்வார்கள். அம்மா சாட்சி சொன்னால் எல்லோருக்கும் பிரியம். ரேஷனில் நல்ல அரிசி கிடைத்தால்கூட எழுந்து நின்று சொல்வாள். அந்தச் சனிக்கிழமையும் எழுந்தாள். “எம் மவனுக்குக் காலேஜில மூணு கப்பு கெடைச்சிருக்கு. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்றாள். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் தாவணியால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் பாயின் கோரையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அம்மா ரேடியோவின் மேல் இடம் ஒதுக்கித் துணி விரித்தாள். “எப்பல கொண்டு வருவே?” என்று கேட்கும்போதெல்லாம், கல்லூரியில் வைத்திருக்கிறார்கள் என்று புளுகினேன். மூன்றாவது வாரம் குழாயடியில் யாரோ அவளுக்கு அர்த்தம் சொல்லிவிட்டார்கள். குடத்தோடு வந்தாள். திட்டவில்லை. அழவில்லை. விரித்த துணியை மடித்து வைத்துவிட்டு உலை வைக்கப் போனாள். அப்பாதான் பேசினார். “நவம்பர்ல மறுபடி எழுதித் தேறலைன்னா காலேஜை விட்டு நின்னுரு.” அதோடு அவரும் என்னிடம் பேசுவதை நிறுத்தினார்.

அடுத்த சனிக்கிழமை அம்மா கூட்டத்துக்கு வந்தாள். சாட்சி நேரத்தில் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. ஆண்டவர் முன்னால் பொய் சொல்லிவிட்டோம் என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. பொய் என்னுடையது, தண்டனை அவளுக்கு. நான் வாழ்ந்து என்ன பயன் என்றுகூட நினைத்தேன்.

ஒரு நாள் கல்லூரியிலிருந்து திரும்பும்போது ஆவடியில் இறங்க மனமில்லை. நெமிலிச்சேரி வரை போய்விட்டேன். பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். வாழ்க்கையில் முதல்முறையாக, பாஸ் மார்க் கேட்காமல் ஜெபித்தேன். “ஆண்டவரே, எங்கம்மா வாயைத் திறக்கணும். அதுக்கு நான் என்ன செய்யணும்?” பதில் ஒன்றும் வரவில்லை. அடுத்த ரயில்தான் வந்தது. வீட்டுக்குப் போய் அம்மாவின் காலைப் பிடித்தேன்.

அவள் காலை விலக்கிக்கொண்டு சொன்னாள்: “படிக்காத பொம்பளைன்னுதானல ஒரே வார்த்தையில என்னை ஏமாத்திட்டே? இனிமே நீ படிக்கிற ஒவ்வொரு வார்த்தைக்கும் எனக்கு அர்த்தம் சொல்லு.”

அவள் தண்டனையாகத்தான் சொன்னாள். அதுதான் ஜெபத்துக்கு வந்த பதில் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுப்பினாள். அவள் அவரைக்காய் நறுக்க, நான் என்ட்ரோபி என்ற இயற்பியல் கருத்தின் விளக்கத்தை ஆங்கிலத்தில் கடகடவென்று ஒப்பித்தேன்.

“அப்படின்னா என்ன?” என்றாள்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு வருஷத்தில் ஒரு வரிகூட எனக்குள் போகவில்லை என்று அந்த அடுப்படியில்தான் தெரிந்தது. புத்தகத்தை மூடிவிட்டு அழுதேன். அன்று கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து, அந்த ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வெட்கத்தை விட்டு ஆசிரியரிடமும் கேட்டேன். மறுநாள் சொன்னேன்: “பால்ல டிக்காஷனைக் கலந்துட்டா அது தானா பிரியாதும்மா. உலகத்துல எல்லாம் அப்படிக் கலைஞ்சுகிட்டேதான் போகுது.”

“இதுக்கால காலேஜு? எனக்கே தெரியுமே” என்றாள்.

தினமும் காலை ஒன்றரை மணி நேரம். ஒரு நாளுக்கு ஒரே பாடம். புத்தகத்தை மூடிவிட்டு அம்மாவுக்குச் சொல்வேன். பிறகு பார்க்காமல் எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமை அந்த வாரத்தில் படித்ததையெல்லாம் திரும்பச் சொல்வேன். நான் மழுப்பினால் அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடும். பல காலைகளில் எரிச்சலும் அவமானமுமாகவே எழுந்தேன். சனிக்கிழமைகளில் அம்மா மட்டும் பேசாமலே உட்கார்ந்திருந்தாள்.

நவம்பரில் எழுதினேன். முதல் கேள்வியிலேயே ஒரு வார்த்தை மறந்தது. பேனா நிற்கவில்லை. என் சொந்த வார்த்தையைப் போட்டு எழுதினேன். ஜனவரியில் முடிவு வந்தது. இரண்டில் தேறியிருந்தேன், ஒன்றில் மறுபடியும் தோல்வி. அம்மாவிடம் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். அப்பா மார்க் ஷீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “மிச்சத்தையும் எழுது” என்றார். ஆறு மாதத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

அந்தச் சனிக்கிழமை சாட்சி நேரத்தில் என் பக்கத்தில் சேலை சரசரத்தது. அம்மா எழுந்து நின்றிருந்தாள். “எம் மவன் மூணுல பெயிலாகியிருந்தான். கர்த்தர் கிருபையால ரெண்டுல பாஸ் பண்ணிட்டான். ஒண்ணு இன்னும் பாக்கி கெடக்கு. அதுக்கும் சேர்த்து ஜெபிங்க” என்றாள்.

அந்த ஒன்றை ஏப்ரலில் முடித்தேன். இரண்டாம் வகுப்பில் பட்டம் வாங்கினேன். பிரியமானவர்களே, உங்கள் பிள்ளைகளிலோ உங்களிலோ யாராவது இன்று நெமிலிச்சேரியில் நான் உட்கார்ந்ததுபோல உட்கார்ந்திருக்கலாம். எழுந்து வீட்டுக்குப் போங்கள். உள்ளதை உள்ளபடி ஆண்டவரிடம் சொல்லுங்கள். பாக்கி இருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்காக அவர் முகம் சுளிப்பதில்லை.