படிக்கட்டுக்கு அடியில் ஒரு தாழ்ப்பாள்

என் வீட்டுக்காரருக்குப் பிழைப்பு செல்போன் ரிப்பேர். பெருமை முழுக்க முன்னோர் பேரில். நாள் பூரா செம்பூர்க் கடையில் அடுத்தவர் போனுக்குக் கண்ணாடி மாற்றிவிட்டு, தாராவிக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடுவார். விமானம் நாம் கண்டுபிடித்ததாம், வைத்தியம் நாம் கண்டுபிடித்ததாம், வெள்ளைக்காரன் சும்மா பெயரை மாற்றிக்கொண்டானாம். நான் தோசையைத் திருப்பிப் போட்டபடி 'ம்' கொட்டுவேன். கொட்டாவிட்டால் மறுபடி முதலிலிருந்து சொல்வார்.

எங்கள் வீடு ஒற்றை அறை. மேலே தகரக் கூரையோடு ஒரு குட்டி மாடி, ஏறுவதற்கு இரும்புப் படிக்கட்டு. அந்தப் படிக்கட்டுக்கு அடியில் இருந்த மூலைமேல் எனக்கு ரொம்ப நாளாகக் கண். சந்தில் கழிவுக்குழாய் பதித்த கையோடு எதிர்வீட்டுக்காரி கொத்தனாரைக் கூப்பிட்டு வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் கட்டிக்கொண்டாள். நாமும் கட்டுவோம் என்றேன். மனிதர் குதித்தார் பாருங்கள்.

"ஏட்டி, சோறு பொங்குத வீட்டுக்குள்ளயா? சாமி படம் இருக்குல்லா? நம்ம முன்னோரு இப்பிடியா வாழ்ந்தாவ?"

அடுத்த வாரமே அந்த மூலையில் இடுப்புயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டி வந்து உட்கார்ந்தது. கூடவே சுவரை அடைத்து ஒரு டிவி. அதில் யாராவது இருமினால் என் அலமாரியில் டம்ளர் ஆடும். நான் மட்டும் பழையபடி சந்துமுனை வரை நடந்து, பொதுக் கக்கூஸ் வரிசையில் நிற்க வேண்டும். இருட்டிவிட்டால் துணைக்கு ஆள் தேட வேண்டும். அதனால் எங்கள் சந்துப் பெண்களில் பாதிப்பேர் மத்தியானத்துக்கு மேல் தண்ணீரைத் தொடுவதில்லை. இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. எனக்குச் சிறுநீரகத்தில் கல் என்று தெரிந்தபோது டாக்டர், "தண்ணி நிறைய குடிங்கம்மா" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். சொல்வதற்கென்ன, அவருக்குப் பக்கத்து அறையிலேயே எல்லாம் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவண்டியிலிருந்து அண்ணன் சாப்பிட வந்திருந்தான். கறிக்குழம்பு. இவருக்குக் கதை கேட்கப் புது ஆள் கிடைத்த சந்தோஷம்; சிந்துவெளி பற்றி ஒரு வீடியோவைப் போட்டார். செங்கல் வீடுகள், கிணறு, நேர்க்கோட்டில் தெரு. குளிக்கிற அறை. அதை ஒட்டி, வீட்டுக்குள்ளேயே, கக்கூஸ். அங்கிருந்து சுவர் வழியாக வெளியே போகும் கால்வாய்க்கு மேலே மூடி.

"பாத்தீயளா மச்சான், நம்மாளு அப்பமே என்னமா கெட்டியிருக்கான்!"

"வீட்டுக்குள்ளயா வச்சிருந்தாவ?" என்றேன் நான்.

"பின்ன? நாகரிகம்னா சும்மாவா!"

"சோறு பொங்குத வீட்டுக்குள்ளயா?"

அண்ணன் சிரித்த சிரிப்பில் குழம்பு புரையேறிவிட்டது. அவன் தலையைத் தட்டித் தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடித்தவன், "நீயும் ஒரு வாய் குடியேன், ஒனக்குத் தொண்டை கம்முதே" என்றான்.

"வேண்டாம். இப்பம் குடிச்சா இருட்டுனதுக்கு அப்புறம் போவணும்."

பழக்கத்தில் வந்த பதில்தான். அண்ணன் சிரிப்பு நின்றுவிட்டது. இவர் என்னையே பார்த்தார்.

"ஒனக்குத் தாகமே எடுக்காதுன்னுல்லா நெனச்சிட்டிருந்தேன்."

எனக்குப் பொத்துக்கொண்டு அழுகை வந்தது. இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்த மனுஷன்! கோபமும் வந்தது. அதைவிட, டிவியில் தெரிந்த அந்தச் செத்துப்போன ஊர்க்காரிமேல் வயிற்றெரிச்சலாக இருந்தது. அவளிடம் போன் இல்லை, ஃபேன் இல்லை, டிவி இல்லை. தாகம் எடுத்தால் குடித்திருப்பாள்.

அதற்கப்புறம் அவர் முன்னோரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்பீக்கரை அண்ணன் தலையில் கட்டினார். கொத்தனாரை அவரே கூட்டிவந்தார்; சாமி படத்தை எதிர்ச் சுவருக்கு அவரே மாற்றினார். தாழ்ப்பாளை மட்டும் நான் போய்ப் பார்த்து வாங்கினேன், நல்ல கனமாக.

வேலை முடிந்த அன்று சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுத் திரும்பினால், செம்பு நிறையத் தண்ணீரோடு நிற்கிறார். "குடி" என்றார். ஒரே மூச்சில் குடித்தேன். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். உடனே எங்கிருந்து வரும்? சும்மா உட்கார்ந்திருந்தேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த வீட்டில் ஒரு கதவுக்குப் பின்னால் நான் தனியாக இருந்ததே இல்லை.

"ஏட்டி, என்ன சத்தத்தையே காணோம்?"

"முன்னோரக் கும்பிட்டுக்கிட்டிருக்கேன்."

வெளியே சிரித்தார். நான் வந்து இன்னொரு செம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.