ஹஸீபாவின் மூன்றாவது பதில்

"ஹஸீபாவத் துரத்தினாங்களா? யாரு துரத்தினா? நீ பார்த்தியா?" என்று எதிர்வீட்டு ஸுலீகாவைப் படிக்கட்டிலேயே மடக்கினேன்.

அன்று தண்ணீர் வரும் நாள். அன்னாபா நகரத்தில் எங்கள் கட்டடத்துக்கு மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் விடுவார்கள். கீழ்வாசலில் பெண்கள் எல்லாரும் கேன்களோடு நின்றிருந்தார்கள். ஸுலீகாவுக்கு அதைவிடத் தோதான நேரம் ஏது?

"நான் எதுக்குப் பார்க்கணும் யமீனா? நாலாம் மாடியில தனியா ஒரு பொம்பள. கல்யாணம் காட்சி இல்ல, வீட்டுக்கு வந்து போற ஆளும் இல்ல. ஆபீஸ்ல ஏதோ தப்பு பண்ணித்தான் பொட்டியக் கட்டியிருப்பா. இல்லன்னு நீ சொல்லு பார்ப்போம்."

"இல்லன்னுதான் சொல்றேன். எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டுக் கேனை நிரப்பிக்கிட்டுப் போ."

கேனைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு இறங்கினாள். ஆனாலும் என் மனம் ஆறவில்லை. ஒரு மனுஷி இரண்டு வருஷம் பாடுபட்டதே இந்த ஒரு வார்த்தைக்காகத்தான். அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஹஸீபாவுக்கு நாற்பத்து மூன்று வயது. தாயை அடக்கம் செய்த பிறகு அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். அண்ணன்மார் இருவரும் கடல் தாண்டி மார்செய்யில் இருக்கிறார்கள். பெருநாளைக்குப் பேசுவதோடு சரி. அவள் வேலை செய்த கம்பெனி அரசு அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதித் தருவது. வேலை முடிந்து வந்ததும் தன் காபிக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் மாடிக்கு இறங்கி என் வீட்டுக்கு வருவாள். என்னிடம் கோப்பையே இல்லாத மாதிரி! "உன் கோப்பைய எதுக்கு சுமந்துக்கிட்டு வர்ற?" என்று கேட்டால், "நான் போனப்புறம் கழுவற வேலை உங்களுக்கு மிச்சம், கால்தி" என்பாள். என்னைச் சித்தி முறை வைத்துக் கால்தி என்றுதான் கூப்பிடுவாள். அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட அந்தக் கட்டடத்தில் என்னைத் தவிர வேறு ஆள் கிடையாது.

அவளிடம் கொடுத்திருந்த வேலை இதுதான். மருந்துக் கடையில் நம் மருந்து அட்டையைச் செருகினால், இவருக்குக் கொடுக்கலாமா என்று கம்ப்யூட்டர் மூன்று இடங்களில் கேட்க வேண்டும்: ஆஸ்பத்திரியில், காப்பீட்டில், பிறப்புப் பதிவில். மூன்று தரவுத்தளமும் மூன்று தினுசு. ஒன்று கோடு போட்ட பதிவேடு மாதிரி. ஒன்று கட்டிப் போட்ட காகித மூட்டை மாதிரி. மூன்றாவது, அவள் பள்ளிக்கூடம் போகும் காலத்தில் வாங்கிய கிழட்டு இயந்திரம். ஒவ்வொன்றிடமும் அதனதன் பாணியில் கேட்டால்தான் வாய் திறக்கும். ஒன்றில் ஏதாவது மாற்றினால் புரோகிராம் மொத்தமும் படுத்துவிடும்.

"பொண்ணு விசாரிக்கப் போறது மாதிரி இருக்கே?" என்றேன். "ஹம்மாம்ல குளிப்பாட்டறவகிட்ட ஒரு மாதிரி கேக்கணும், ரொட்டி சுடறவன்கிட்ட வேற மாதிரி. பள்ளிவாசல் இமாம் பொண்டாட்டிகிட்ட கேக்கவே கூடாது, பேச விட்டுட்டுக் காது குடுக்கணும்."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அதேதான் கால்தி! எல்லார்கிட்டயும் போய்க் கேட்டுட்டு வந்து ஒரே வார்த்தையில சொல்ற பொம்பள இருப்பாளே, அவளத்தான் நான் செஞ்சுக்கிட்டு இருக்கேன்."

செய்தும் முடித்தாள். ஆனால் ஒரு முடிச்சு அவிழவில்லை. நான் மலைக்கிராமத்தில் பிறந்தவள். பிறந்த நாளை எழுதி வைக்க அன்று யாருமில்லை. பதிவில் 'உத்தேசம்' என்று போட்டு வருஷத்தை மட்டும் எழுதியிருக்கிறார்கள். மாதமும் தேதியும் வெற்றிடம். என் வயதுக்காரர்கள் பாதிப்பேர் இந்த நாட்டில் உத்தேசம்தான். பிறப்புப் பதிவு இருக்கும் அந்தக் கிழட்டு இயந்திரத்திடம் என் பிறந்த தேதியைக் கேட்டால் ஊமையாக இருக்கும். ஊமையாக இருந்தால் ஆளே இல்லை என்று புரோகிராம் எடுத்துக்கொள்ளும். ஒரு நாள் சர்க்கரை ஊசி வாங்கப் போனேன். மருந்துக்கடைக்காரன் திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "கால்தி, நீங்க இல்லன்னு சொல்லுது."

"நான் இல்லன்னா உன் எதிர்ல நின்னு உன்னத் திட்றது யாருடா?"

இதை ஹஸீபாவிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து அதையே பிடித்துக்கொண்டாள். உண்டு, இல்லை என்ற இரண்டு பதிலோடு மூன்றாவதாக 'தெரியவில்லை' என்பதையும் சேர்த்தாள். ஒரு இடம் தெரியவில்லை என்றால் அங்கேயே கதவைச் சாத்தாமல் மற்ற இரண்டையும் கேட்கும். அவற்றுக்கு ஆளைத் தெரிந்தால் பச்சை விளக்கு. எனக்கு ஊசி கிடைத்தது.

அந்தக் கண்டுபிடிப்புக்கு முத்திரை போட்ட காப்புரிமைப் பத்திரம் வந்தது. மூன்று பேர் பெயர் இருந்ததாம். முதலில் டைரக்டர் தாயிப். கடைசி வரியில் விரலை வைத்து, "இது நான்" என்று காட்டினாள். பேரீச்சம்பழம் வைத்து மக்ரூத் பலகாரம் சுட்டுக் கொடுத்தேன். குலவையிடப் போனேன். "வேணாம் கால்தி, யாருக்கு என்னன்னு கேப்பாங்க" என்று என் கையைப் பிடித்தாள். கேட்பேனா? கூடம் அதிர ஒரு குலவை விட்டேன். எதிர்வீட்டு ஸுலீகா கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

அந்த வசந்தத்தில்தான் குவெல்மா ஊரிலிருந்து அவளைப் பெண் கேட்டு வந்தார்கள். மனைவியை இழந்த வாத்தியார். அவருடைய அக்கா படியேறி வந்து, முதலில் ஸுலீகாவிடம் நின்று விசாரித்தாள். ஸுலீகா ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. என் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உதட்டைப் பிதுக்கிவிட்டுப் பேசாமல் நின்றாள். நான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வருவதற்குள் அந்தம்மாள் நாலாம் மாடிக்கு ஏறாமலே இறங்கிப் போய்விட்டாள். மாலை ஐந்து மணிக்கு ஹஸீபா வந்தாள், கையில் வெட்டாத கேக்கோடு. "யாரும் வரல கால்தி. நீங்க சாப்பிடுங்க." நான் பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை. இன்றுவரை அது என் நெஞ்சில் கிடக்கிறது.

பிறகு டைரக்டர் கூப்பிட்டு, மூன்றாவது பதிலை எடுத்துவிடு என்றார். திரையில் பச்சை, சிவப்பு இரண்டு விளக்குதான் இருக்கிறதாம். மற்ற இடங்களைக் கேட்டு வருவதற்குள் தாமதமாகிறதாம்.

"இல்லன்னே போட்டுடு ஹஸீபா. அப்படி எத்தன பேரு இருக்கப் போறாங்க? எல்லாம் கிழடுங்க."

"எங்க கட்டடத்துலயே நாலு பேரு இருக்காங்க, சார்."

மாற்றத்துக்கு அவள் கையெழுத்து வேண்டும். போடவில்லை. மேலே இருப்பவர்களுக்கு மூன்று கடிதம் எழுதினாள், பதிலில்லை. வேறு ஒருவனை வைத்து எடுத்துவிட்டார்கள். அவளை யாரும் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லித்தான் கெஞ்சினார்கள். ஒரு வியாழக்கிழமை மேசையைக் காலிசெய்துவிட்டு அவளாகவே வந்துவிட்டாள். எனக்கு இப்போது மறுபடியும் சிவப்பு விளக்கு. மாதாமாதம் பிறப்பு அலுவலகக் காகிதத்தைச் சுமந்துகொண்டு போய் நான் இருக்கிறேன் என்று காட்டுகிறேன்.

போன ஞாயிறு ஒரு பெட்டியோடு என் வாசலில் வந்து நின்றாள். "கால்தி, கோர்ட்டுல மனு போட்டா உங்களுக்கு ஒரு தேதி குடுப்பாங்க. அப்புறம் ஊசிக்குத் தொல்லை இருக்காது. மனு எழுதியே கொண்டாந்துட்டேன். ஏதாவது ஒரு நாளச் சொல்லுங்க, போட்டுடறேன்."

"தெரியாதத எப்படிச் சொல்றது?"

"சும்மா ஒண்ணு கால்தி. ஊசி முக்கியமில்லையா?"

"மாட்டேன். எங்கம்மாவுக்கே தெரியல. நான் யாரு சொல்றதுக்கு?"

அவள் பேனாவை மூடினாள். பிறகு அந்தக் காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "அதத்தான் நானும் ஆபீஸ்ல சொன்னேன்" என்றாள். குனிந்து என் நெற்றியில் முத்தமிட்டாள். தன் காபிக் கோப்பையை என் அலமாரியில் என் கோப்பைகளோடு வைத்தாள்.

கீழ்வாசலில் ஸுலீகா நின்றிருந்தாள். "எங்க கிளம்பிட்ட, ஹஸீபா?" அந்தக் கட்டடத்தில் என்னைத் தவிர வேறொருத்தி அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான்.

"இன்னும் தெரியல" என்றாள் ஹஸீபா. இரும்புக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.