இன்னும் ஒரு கால் சுற்று

அறந்தாங்கியில் செம்மலின் கைப்பிடி பெயர் பெற்றது. அவன் மூடிய ஊறுகாய் ஜாடியைத் திறக்க முடியாமல் மனைவி அன்புமொழி பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவாள். அவன் மூடிய குழாயில் காலையில் இரண்டு கையாலும் தொங்குவாள். "ஒங்களுக்கு மூட மட்டுந்தான் தெரியும்" என்பாள். இதையும் பாராட்டாக எடுத்துக்கொள்கிற பிறவி அவன்.

இருபத்தைந்து வருஷமாக மெக்கானிக். எந்த போல்ட்டையும் இறுக்கி முடித்த பிறகு, ஸ்பேனரில் ஒரு பைப்பைச் செருகி இன்னும் ஒரு கால் சுற்று சுற்றினால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். பிறகு அதன் தலையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு பொட்டு வைப்பான். "செம்மல் பொட்டு. எமனே வந்தாலும் அசைக்க முடியாது" என்று வண்டிக்காரர்களிடம் சொல்வான். எமன் வரவில்லை, ஷர்லி வந்தாள்.

ஷர்லி கடலோரக் கோட்டைப்பட்டினத்தில் டீச்சர். அவள் அப்பா ஞானமணிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. திங்களும் வியாழனும் அவரைப் பிசியோதெரபிக்காக அறந்தாங்கிக்குக் கூட்டி வருவாள். அவருடைய பழைய வெள்ளைக் காரின் முன்சீட்டில்தான் அவரை ஒற்றை ஆளாகச் சாய்த்து உட்காரவைக்க அவளுக்குக் கை பழகியிருந்தது. ஆட்டோவில் ஒரு தடவை ஏற்றப்போய் இருவருமாகக் கீழே விழுந்திருக்கிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் காரின் எஞ்சினிலிருந்து தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது.

"திங்கக்கிழமைக்குள்ள வேணும்ணே" என்றாள் ஷர்லி. "இப்பத்தான் வெரலை லேசா அசைக்கிறாரு. ஒரு நாள் விட்டாலும் பின்னுக்குப் போயிரும்ங்கிறாங்க."

"அரை மணி நேர வேலைம்மா. அங்கிட்டுப் போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

உண்மையிலேயே அரை மணி நேர வேலைதான். எஞ்சினுக்குள் தண்ணீர் போகும் வழியில் ஒரு சின்ன மூடி, அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு போல்ட். மூடியைக் கழற்றி உள்ளேயிருக்கும் பேக்கிங்கை மாற்ற வேண்டும். முதல் போல்ட் முனகிக்கொண்டே வந்துவிட்டது. இரண்டாவது அசையவில்லை. கடற்காற்றில் துருவேறி அலுமினியத்தோடு ஒட்டிப்போயிருந்தது. புத்தியுள்ளவன் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஒரு நாள் பொறுப்பான், சூடு காட்டுவான், முன்னும் பின்னுமாக அசைத்துப் பார்ப்பான். செம்மல் பைப்பை எடுத்தான். டிக் என்று ஒரு சத்தம். போல்ட்டின் தலை மட்டும் கையோடு வந்தது. உடம்பு உள்ளேயே நின்றுகொண்டது.

ஷர்லி டீ குடித்துவிட்டு வந்தபோது அவன் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தான். "எந்த மடையன்மா இத இறுக்குனது? மனுசன் இறுக்குவானா இப்படி? ஒங்க ஊரு போட் மெக்கானிக் மூக்கன் வேலையாத்தான் இருக்கும். அந்தாளுக்கு வள்ளத்துக்கும் காருக்கும் வித்தியாசம் தெரியாது."

"அப்பாகிட்ட கேட்டுப் பாக்குறேன்ணே" என்றாள் அவள். கீழே கிடந்த போல்ட் தலையை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினாள்.

சனிக்கிழமை அவன் அடுத்த சாதனையைச் செய்தான். உடைந்த போல்ட்டில் துளை போட்டு, எதிர்ப்பக்கமாகத் திருகி வெளியே இழுக்கும் கருவி ஒன்று உண்டு. அதை உள்ளே விட்டுத் திருகினான். பொறுமையாகத்தான் திருகினான், அவன் பொறுமை என்று நினைக்கிற அளவுக்கு. அதுவும் உள்ளேயே உடைந்தது. அது எந்த டிரில்லுக்கும் அசையாத கடின இரும்பு. இனி எஞ்சினின் மேல்பாகத்தையே தூக்கிப்போட வேண்டும். இந்த மாடலுக்கு மாற்றுப் பாகம் எங்கே கிடைக்கும்? கார் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும்.

மத்தியானம் சோற்றில் கையை வைத்தவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். அந்தப் பெரியவரின் அசையத் தொடங்கிய விரல்தான் கண்ணுக்குள்ளேயே நின்றது. பயமாக இருந்தது. தன் கையைப் பார்த்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அதைப் பிடிக்காமல் போனது.

உள்ளூரில் கேட்டுக்கும் ஜன்னலுக்கும் வெல்டிங் வைக்கிற ஆட்கள் இருந்தார்கள். உப்பில் உடைந்த போல்ட்டை எடுக்கிற கை ஒன்றுதான் அவனுக்குத் தெரியும். வெட்கத்தை விட்டு மூக்கனுக்கு போன் போட்டான்.

ஞாயிறு காலை மூக்கன் சின்னப் பையோடு வந்து இறங்கினார். ஷர்லியும் வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை செம்மல் பேசிய பேச்சு எல்லாம் அதற்கு முன்னாலேயே கோட்டைப்பட்டினம் போய்ச் சேர்ந்திருந்தது. மூக்கன் நேராக எஞ்சின் மேல் குனிந்தார். மூடியை உருவினார். அரிசி அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் வைத்தார். சூடு ஆறும்வரை பீடி குடித்தார். செம்மலுக்கு அந்தப் பீடி முடியவே இல்லை. பிறகு ஸ்பேனரை மாட்டி, குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி, இங்கிட்டுக் கொஞ்சம் அங்கிட்டுக் கொஞ்சம் ஆட்டினார். துண்டு சுற்றிக்கொண்டு வெளியே வந்தது.

"புது போல்ட்டுக்கு அளவு பாக்கணும். தலை இருக்கா?"

ஷர்லி கைக்குட்டையை அவிழ்த்துக் கொடுத்தாள். மூக்கன் மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்தார். துரு போக, மஞ்சளாக ஒரு பொட்டு தெரிந்தது. செம்மலுக்குக் குப்பென்று வியர்த்தது. மூக்கன் அவனை ஒரு பார்வை பார்த்தார், போல்ட் தலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"யாருண்ணே இப்படி இறுக்கியிருப்பா?" என்றாள் ஷர்லி.

"போட் மெக்கானிக் எவனாச்சும் இருப்பான்மா" என்றார் மூக்கன். "எங்களுக்குத்தான் வள்ளத்துக்கும் காருக்கும் வித்தியாசம் தெரியாதே."

செம்மலுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "நாந்தாம்மா" என்றான். "அந்த மடையன் நாந்தான். மறந்தே போச்சு."

"தெரியும்ணே. வெள்ளிக்கிழமையே அப்பா திக்கித் திக்கிச் சொல்லிட்டாரு. ஏழு வருசத்துக்கு முன்ன இங்கதான் வந்தாராம். போதும்ப்பா, போதும்ப்பான்னு அவரு சொல்லச் சொல்ல, நீங்க பொட்டு வச்சுட்டுத்தான் விட்டீங்களாம்."

"பெறகு ஏம்மா என்கிட்டயே விட்டீங்க?"

"ஏழு வருசமா ஒரு சொட்டு ஒழுகலையே. அதையும் அப்பாதான் சொன்னாரு."

செம்மல் எண்ணெய்க் கையால் முகத்தைத் துடைத்து, அதையும் கெடுத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை காரை அவனே கோட்டைப்பட்டினத்துக்கு ஓட்டிப் போனான். ஷர்லி அப்பாவை முன்சீட்டில் உட்காரவைத்தாள். செம்மல் முன்மூடியைத் தூக்கிக் குனிந்து பார்த்தான். ஒரு சொட்டு ஒழுகவில்லை. புது போல்ட் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அப்படியே மூட வேண்டியதுதானே? கை தானாகப் போய் ஸ்பேனரை எடுத்தது, போல்ட்டில் மாட்டியது. இன்னும் ஒரு கால் சுற்றுதானே என்றது.

"போ...தும்."

நிமிர்ந்தான். ஞானமணி ஜன்னல் வழியாகத் தலையைச் சாய்த்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் கிடந்த வலது கையிலிருந்து இரண்டு விரல்கள் மெதுவாக எழும்பி நின்றன.

"சரிங்கய்யா" என்றான் செம்மல். ஸ்பேனரைக் கழற்றிப் பைக்குள் போட்டான்.